இறந்தவர் போட்ட முதல் கையெழுத்து

என்றும் என் மதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய அண்ணன் காதர் நானாவுக்கு,

இன்று காலை நம் ஊர் நகராட்சியான மேரி ஆபீஸ் சேவகர் உங்கள் வீட்டு வாசலில் நின்று உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. தெரு முழுக்கக் கேட்டது. எதிர்ச்சாரியில் என் சைக்கிள் கடையில் நான் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்ல எனக்குக் கால் வரவில்லை.

அண்ணிதான் பதில் சொன்னார்கள். இத்தா இன்னும் முடியவில்லை, வெளி ஆள் முன்னால் வரக்கூடாத நாட்கள். கதவுத் திரைக்குப் பின்னால் நின்று, "அவங்க மவுத்தாகி மூணு மாசமாச்சுங்க" என்றார்கள்.

"போன வாரந்தானேம்மா மனுவுல கையெழுத்துப் போட்டிருக்காரு?" என்றார் சேவகர்.

"யாரு போட்டா?" என்று அண்ணி கேட்டார்கள். சேவகருக்குத் தெரியவில்லை. ஆபீஸுக்கு நேரில் வரச் சொல்லும் நோட்டீஸை வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்குத் தெரியும், நானா. நான்தான் போட்டேன்.

நீங்கள் இருந்தபோது நடந்ததை உங்களுக்கே சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்தக் கடிதத்தை என் கடைக் கதவில் ஒட்டப் போகிறேன். தெருவார் படிக்கட்டும். மறந்துபோன மாதிரி நடிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன், என்னையும் சேர்த்து.

நம் தெருச் சாக்கடை அரசலாற்றுக்குப் போகாமல் தெருவிலேயே குடியிருந்தது. ஐப்பசி பிறந்தால் அது வீட்டுக்குள் விருந்துக்கு வரும். சைகோனில் குமாஸ்தா வேலை பார்த்துத் திரும்பிய நீங்கள், வந்த மாதமே பிரெஞ்சில் அழகாக ஒரு மனு எழுதினீர்கள். எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. அந்தப் பாக்கி எட்டு மாதம் இழுத்தது. அரிசி மண்டிப் பிள்ளைக்கு மேலே தோணிக்கார மரைக்காயர் பெயர் வரக்கூடாது. மரைக்காயருக்கு மேலே பிள்ளை பெயர் வரக்கூடாது. இவர்கள் இருவரும் போடாமல் மற்றவர்கள் போட மாட்டார்கள். சாக்கடை மட்டும் யாரையும் கேட்காமல் வந்து போய்க்கொண்டிருந்தது.

கடைசியில் நீங்கள் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து மனுவின் அடியில் வட்டம் போட்டீர்கள். "சகன்ல நாலு பேரு சுத்தி உக்காந்து ஒரே தட்டுல சாப்புடுறோம். அதுல யாரு மொத ஆளு, யாரு கடைசி ஆளு? வட்டத்தைச் சுத்திப் போடுங்க, எல்லாரும் ஒண்ணுதான்" என்றீர்கள். அன்றைக்கே அத்தனை பேரும் போட்டோம். நான் உங்களுக்குப் பக்கத்தில் போட்டேன். எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

மனு போய்ச் சேர்ந்த சில நாளில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறிவிட்டது. பழைய காகிதக் கட்டுகளை எல்லாம் பார்த்து முடிக்க நாளாகும் என்றார்கள். உங்களுக்குப் பொறுக்கவில்லை. அடைமழையில் நீங்களே மண்வெட்டியோடு இறங்கினீர்கள். தண்ணீர் எங்கே நின்றது? என் கடைப் படிக்கு அடியில். சாக்கடையை மூடித் தெருவுக்குள் மூன்று முழம் இழுத்துக் கட்டிய என் படி. "சோமு, இதை இடிச்சாத்தான் தண்ணி போவும்" என்றீர்கள். "மழை விடட்டும் நானா, பாத்துக்கலாம்" என்று அந்தப் படியின்மேல் உட்கார்ந்தபடியே சொன்னேன். நீங்கள் குனிந்து அடியில் கையை விட்டுத் துழாவினீர்கள். ஏதோ கிழித்தது. துணியைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் துழாவினீர்கள்.

எட்டாம் நாள் வாய் கட்டிக்கொண்டது. ரணஜன்னி என்றார் டாக்டர். உங்கள் ஜனாஸாவைத் தூக்கிப் போனவர்கள் அந்தச் சாக்கடைத் தண்ணீரில் கால் வைத்துத்தான் போனார்கள். பிள்ளையும் மரைக்காயரும் ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்தார்கள். அன்றைக்கு எல்லாருக்கும் கண்ணீர் வந்தது. கண்ணீருக்கு நம் தெருவில் என்ன குறைச்சல்?

போன வாரம் ஆபீஸிலிருந்து மனு திரும்பி வந்தது. வேலையைச் செய்யத் தயார், ஆனால் வட்டமெல்லாம் ஆகாது, புதிதாகத் தமிழில் எழுதி வரிசையாகக் கையெழுத்துப் போடுங்கள், முதலில் போடுகிறவர் நேரில் வந்து, சாக்கடைமேல் கட்டிய படிகளை எல்லாம் எடுத்துத் தருவதாக எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள்.

நீங்கள் பார்த்திருக்க வேண்டும், நானா. முதல் இடத்துக்கு எட்டு மாதம் அடித்துக்கொண்டவர்கள், "நீங்க போடுங்க", "இல்லெ, நீங்க பெரியவரு, நீங்க போடுங்க" என்று ஒருவரையொருவர் உபசரித்தார்கள். தெருவில் பாதி வீட்டுப் படி சாக்கடைமேல்தானே இருக்கிறது! அதை இடிக்கச் சொல்லி யார் பொல்லாப்பைக் கட்டிக்கொள்வது?

பிள்ளைதான் வழி சொன்னார். "காதர் பேரையே மொதல்ல போட்டுடுவோம். அவருதானே ஆரம்பிச்சது. மரியாதையாவும் இருக்கும்."

"அவரைத் தேடி யாரு வரப்போறா?" என்றார் மரைக்காயர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உங்கள் கையெழுத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்று பேனாவை என்னிடம் கொடுத்தார்கள். சைகோனில் பழகிய அந்த நீண்ட வாலோடு அச்சாகப் போட்டேன். உங்களைக் குழியில் இறக்கியது போதாதென்று, எங்கள் படிகளுக்குக் காவலாகவும் உங்களை நிறுத்தினேன்.

ஆனால் தேடி வந்துவிட்டார்களே. அண்ணி திரைக்குப் பின்னால் நின்று "யாரு போட்டா?" என்று கேட்டது என் காதில் இருந்து போகவில்லை. மத்தியானம் உங்கள் வாசலுக்குப் போனேன். கதவுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணி திட்டவில்லை. "அவங்க கையெழுத்த அவ்வளவு நல்லாவா போட்டீங்க?" என்று மட்டும் கேட்டார்கள். திட்டியிருக்கலாம்.

திரும்பி வந்து கடப்பாரையை எடுத்தேன். பொழுது சாய்வதற்குள் என் படி போய்விட்டது. கடைக்குள் ஏற இப்போது ஒரு பலகைதான். பிள்ளை அவர் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், நான் அன்றைக்குப் பார்த்தது போலவே. நாளைக் காலை ஆபீஸுக்குப் போய், நடந்ததைச் சொல்லி, உங்கள் பெயரை அடித்துவிட்டு என் பெயரைப் போடுகிறேன். பொய்க் கையெழுத்துக்கு என்ன செய்வார்களோ செய்யட்டும்.

எனக்குக் கீழே யாரும் போடாமல் போகலாம். போகட்டும். ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன், நானா. இனி இந்தச் சாக்கடைக்காக யார் வந்தாலும் என் வாசலில் நின்று என் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிட்ட முதல் குரலுக்கே எழுந்து வருவேன்.

படியில் உட்கார்ந்திருந்த உங்கள் தம்பி,
சைக்கிள் கடை சோமு