மாதச் சம்பளக்காரர்களுக்கு மட்டும்

ஆபீசர்ஸ் காலனி,
பாளையம்பட்டி.
17.9.97, புதன்

அன்புள்ள அருணுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் சுகம் என்று எழுதலாம், உடம்பைப் பொறுத்தவரை அது உண்மைதான். ராய்ப்பூரில் நீயும் நோய்நொடி இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். பிரவீணா கோயம்புத்தூரிலிருந்து எழுதியிருந்தாள், காலேஜ் பீஸை இந்த மாதக் கடைசிக்குள் கட்ட வேண்டுமாம். அப்பா வேலை பார்த்த மில் மூடி ஐந்து மாதம் ஆகிறது. உன் சம்பளத்தில் பாதியை அனுப்புவதாக எழுதியிருந்தாய், வேண்டாம், ஏற்கெனவே மூன்று பேரோடு ஒரே அறையில் இருக்கிறாய்.

காலனி நீ பார்த்ததுபோல் இல்லை. இருபத்திரண்டு வீட்டில் மாதச் சம்பளம் வருவது இப்போது ஒன்பதில்தான், அதில் நம்மையும் சேர்த்து எண்ணலாமா என்று தெரியவில்லை. சண்முகவேல் சார் வீட்டை வாங்கிய அரிசி மில்காரர் வாசலில் இரண்டு கார் நிற்கிறது. திருச்சுழிப் பக்கம் நிலத்தை விற்றுவிட்டு வந்தவர்கள், மகன் மஸ்கட்டில் இருப்பவர்கள் என்று தெருவே மாறிவிட்டது. புதிதாக வந்த ஒரு வீட்டுக்காரர்கள் கேட்டில் ஆட்டைக் கட்டுகிறார்கள் என்று எதிர்வீட்டுக் கோகிலாம்பாள் அத்தை தினமும் என்னிடம் வந்து குறைப்படுகிறார், அவர் சீட்டுப் போட்டிருப்பதும் அந்த ஆட்டுக்கார வீட்டில்தான்.

நான்கு வருஷத்துக்கு முன் காலனி சங்கத்தில் ஒரு தீர்மானம் போட்டார்கள், வீட்டை விற்பதோ வாடகைக்கு விடுவதோ மாதச் சம்பளக்காரர்களுக்கு மட்டும்தான் என்று. தலைவர் என்ற முறையில் அப்பா முதல் கையெழுத்துப் போட்டார். எழுதியது நான். எம்.ஏ. படித்தவள் எழுதினால் நன்றாக இருக்கும் என்றார்கள். அப்போதே எனக்கு அதில் உடன்பாடில்லை, ஆனால் வாயைத் திறக்கவில்லை, பிழையில்லாமல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். அதற்குக் கண்ணாடி போட்டுச் சங்க அறையில் மாட்டியிருக்கிறார்கள். விற்றுவிட்டுப் போனவர்கள் யாரும் அதை மதிக்கவில்லை, அப்பா மட்டும்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

நம் மாடி ஏப்ரலிலிருந்து பூட்டிக் கிடக்கிறது. சனிக்கிழமை பந்தல்குடியிலிருந்து கோட்டைச்சாமி என்பவர் மனைவி தங்கத்தாயோடு வந்து கேட்டார். சொந்தமாக மூன்று லாரி வைத்து ஓட்டுகிறார், பிள்ளைகளை இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டுமாம். பத்து மாத அட்வான்ஸ் தருவதாகச் சொன்னார், புதன்கிழமைக்குள் சொல்லாவிட்டால் வேறு இடம் பார்ப்பதாகவும் சொன்னார். சங்க விதி இடம் கொடுக்காது என்று அப்பா முடித்துவிட்டார். காபி டம்ளரைக் கொடுக்க அந்தப் பெண் சமையலறைக்கு வந்தாள். "அது உங்க கையெழுத்தாமே அக்கா. சங்க ரூம்புல பாத்தேன், அழகா இருக்கு. அவுகளுக்குப் படிக்க வராது, நாந்தான் படிச்சுச் சொன்னேன்" என்றாள். அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

அப்பாவிடம் இரண்டு முறை பேசிப் பார்த்தேன். போட்ட கையெழுத்தை நானே மீறினால் காலனியில் எப்படித் தலைகாட்டுவது என்கிறார், பிரவீணா ஒரு வருஷம் வீட்டில் இருக்கட்டும், பிறகு படிக்கலாம் என்கிறார். அருண், அவள் ஒரு வருஷம் வீட்டில் இருந்தால் கல்யாணப் பேச்சுதான் வரும், காலேஜ் திரும்ப வராது.

இன்று காலை அப்பா ராஜபாளையத்தில் ஏதோ மில்லில் வேலை கேட்கப் போனார். நான் தங்கத்தாய்க்குச் சொல்லி அனுப்பி மாடிச் சாவியைக் கொடுத்துவிட்டேன். அட்வான்ஸை வாங்கிய கையோடு டவுனுக்குப் போய் டி.டி. எடுத்து காலேஜுக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பியும் விட்டேன், யார் சொன்னாலும் திருப்பிக் கொடுக்க முடியாதபடி. இப்போது மேலே கட்டில் நகர்த்துகிறார்கள். இருபத்தைந்து வருஷத்தில் அப்பாவுக்குத் தெரியாமல் நான் செய்த முதல் காரியம் இது. சரியென்றுதான் நினைக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் என்ன கேட்பார்களோ, அதற்குப் பதில் சொல்லிக்கொள்வேன். அப்பாவுக்கு என்ன சொல்வதென்றுதான் தெரியவில்லை.

அவர் உனக்கு எழுதினால் நீயும் சேர்ந்து என்னைத் திட்டி எழுது. என் பக்கம் பேசாதே. வீட்டில் எல்லோரும் ஒன்றுசேர்ந்து தன்னைத் தனியாக விட்டுவிட்டார்கள் என்று அவர் நினைக்கக் கூடாது.

எந்த ஊரில் இருந்தாலும் மனக்குறை இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். தண்ணீரைக் காய்ச்சிக் குடி, மறக்காதே. ஆறு மணி பஸ்ஸில் அப்பா வந்துவிடுவார். சாமான் இறக்கிய லாரி இன்னும் நம் வாசலில்தான் நிற்கிறது, நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் தெருமுனையிலிருந்தே பார்த்துவிடுவார்.

இப்படிக்கு,
உன் நலத்தையே நினைத்திருக்கும் அம்மா,
முத்துலட்சுமி