ஆடியில் வருகிறேன் என்று படித்தீர்கள்

ஆண்டவன் துணை

சதுரங்கப்பட்டினம்,
1956, ஐப்பசி 20

அன்பும் மரியாதையும் உள்ள வேதாந்தம் வாத்தியார் அவர்களுக்கு ஜெயினுலாபுதீன் சலாம் சொல்லி எழுதச் சொல்வது. மதராஸில் மகள் வீட்டில் உங்கள் முட்டிவலி தேவலையா?

இங்கே அடைமழை. கால்வாயில் படகு ஓடவில்லை. ஆனால் நம் தரும ஆஸ்பத்திரியின் பிரசவ அறையில் ஒரு சொட்டு இறங்கவில்லை. டாக்டர்தான் இல்லை. மேஸ்திரி செங்கல்வராயன் என்னைப் பார்த்து, "பாய், நம்ம ஆஸ்பத்திரியில பல்லிதான் டாக்டரு. நாம நாக்கை நீட்டறதுக்குள்ள அது நீட்டுது" என்கிறான். எல்லாரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன், போன வாரம் வரைக்கும்.

மழை ஈரம் ஏறாமல் இருக்க ஆஸ்பத்திரியில் உள்ள உங்கள் மேசை இழுப்பறையைத் துடைக்கச் சொன்னேன். உங்களிடம் படித்த வத்சலாதான் துடைத்தாள். இதை எழுதுவதும் அவள்தான். உள்ளே டாக்டருக்குப் படித்த உங்கள் மகன் உப்பிலியின் கடிதம் இருந்தது. வாய்விட்டுப் படித்தவள் பாதியில் நிறுத்தினாள். நான் விடவில்லை. பம்பாயில் வேலை கிடைத்துவிட்டது, ஊருக்கு வர முடியாது, வேறு டாக்டரைப் பாருங்கள், என் சார்பில் எல்லாரிடமும் மன்னிப்புக் கேளுங்கள் என்று எழுதியிருக்கிறான். பிள்ளை யோக்கியன்.

அது வந்த நாள் எனக்குத் தெரியும், வாத்தியாரே. சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை. ஆஸ்பத்திரி கட்ட எந்த வீட்டுக்கு என்றைக்கு வேலை முறை என்பதைத் தலையிலேயே வைத்திருந்தவன் நான். அன்று ஜும்மா முடிந்து எங்கள் தெருவுக்கும் குப்பத்துக்கும் முறை. வரிசையாக நின்று ஓடு கைமாற்றிக்கொண்டிருந்தோம். தபால்காரர் உங்களிடம் கொடுத்தார். "தம்பி இன்னா எழுதிகீது, சத்தமாப் படிங்க" என்றேன். கண்ணாடியை வேட்டியில் துடைத்தீர்கள். ரொம்ப நேரம் துடைத்தீர்கள். அப்புறம், ஆடியில் வருகிறேன் என்று படித்தீர்கள். கூரைமேல் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

வைகாசியில் சம்பூர்ணம் என்ற டாக்டரம்மா தானாகவே வந்தார். தங்க ஒரு அறை போதும் என்றார். நம்ம பிள்ளை ஆடியில் வருது, உங்களுக்கு ஏன் சிரமம் என்று இளநீர் வெட்டிக் கொடுத்து பஸ் ஏற்றியவன் நான். நீங்கள் உள்ளேதான் இருந்தீர்கள். வெளியே வரவில்லை.

ஆவணியில், பையனைக் கையோடு அழைத்து வருகிறேன் என்று நீங்களும் பஸ் ஏறினீர்கள்.

என் மகள் சுல்தான் பீவி செங்கல்பட்டுக்குப் போகும் வண்டியிலேயே பெற்று, கழுக்குன்றம் மலை கண்ணில் படுமுன் போய்விட்டாள். வண்டிக்கு முன்னால் ஓடி வழி விலக்கியவர் நீங்கள். நமக்கு ஒரு ஆஸ்பத்திரி வேண்டும் பாய் என்று முதலில் சொன்னவரும் நீங்கள். அன்று பிழைத்த குழந்தை சுராயா வளர்ந்து, இப்போது பிள்ளை உண்டாகி அவளுக்கு எட்டாம் மாதம்.

ஓடு ஏறுமுன் சொன்னால் சனங்கள் கலைந்துவிடுவார்கள் என்று பயந்தீர்களா, வெட்கமா, நான் கேட்கவில்லை.

டாக்டரம்மா கருங்குழியில் இருக்கிறார். வத்சலா போய்ப் பார்த்தாள். இன்னொரு தடவை திரும்பிப் போகத் தன்னால் ஆகாது, தலைவரே கைப்பட எழுதினால் வருகிறேன் என்றாராம். ஆஸ்பத்திரிக் கமிட்டித் தலைவர் நீங்கள். நடந்ததை நடந்தபடி எழுதி இன்றே அவருக்குப் போடுங்கள். ஊரில் யாருக்கும் நான் சொல்லவில்லை. நீங்களே வந்து சொல்லுங்கள். எனக்குப் பதில் கடிதம் வேண்டாம்.

ஆண்டவன் உங்கள் கண்பார்வையைக் காக்கட்டும். எழுதி முடித்ததை வத்சலாவை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். முப்பது வருஷமாக எனக்கு வந்த கடிதமெல்லாம் படித்துச் சொன்ன உங்களை ஒரு தடவைகூட அப்படிக் கேட்டதில்லை.

இப்படிக்கு,
ஜெயினுலாபுதீன் கைரேகை