“குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கா?”

மாடம்பாக்கம் வட்டாரப் பொதுமக்கள் அனைவருக்கும் பணிவுடன் தெரிவிப்பது: நீண்ட காலமாகத் தேடப்பட்டுவந்த ஸ்க்ரூடிரைவர், இன்று காலை எங்கள் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் துருப்பிடித்த நிலையில் கண்டெடுக்கப்பட்டது. குற்றவாளி நீங்கள்தான், அப்பா. மூடியை மாட்டப் போய், பாதியில் எதையோ பார்த்து, அப்படியே இறங்கி வந்திருப்பீர்கள்.

தாம்பரம் ஸ்டேஷனில் ஸ்கூட்டரை விட்டுவிட்டு பஸ்ஸில் வீடு வந்து, “வண்டிய எவனோ தூக்கிட்டான்டா!” என்று என்னையும் கூட்டிக்கொண்டு போலீசுக்குக் கிளம்பியவர் நீங்கள். தெருமுனையில்தான் ஞாபகம் வந்தது. “அம்மாட்ட சொல்லிடாதடா.” சொல்லவில்லை. நாம் ஒரே கட்சி என்றிருந்தேன்.

பத்தாம் வகுப்பில் பள்ளி நம்மை டாக்டரிடம் அனுப்பியது. அன்று பிறந்தநாளே இல்லாத மிஸ்ஸுக்கு வகுப்பையே வாழ்த்துப் பாட வைத்தது நான் விரும்பிச் செய்த குறும்பு. பாதிக் கணக்கில் மனசு ஜன்னல் வழியாகக் குதித்துவிடுவது நான் விரும்பியதல்ல. மிஸ்ஸுக்கு இரண்டும் திமிர்தான். டாக்டர் எழுதிக்கொடுத்தால் பரீட்சையில் கூடுதல் நேரம் கிடைக்கும், திமிர்ப் பட்டமும் போகும்.

“வீட்ல எப்படி சார்?”

“வீட்ல தங்கம், டாக்டர். உக்காருன்னா உக்காருவான்.”

“குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கா?”

“எங்க வம்சத்துலயே கிடையாது.”

சொல்லும்போது உங்கள் கால் மேசைக்கடியில் தாளம் போட்டது. நான் உங்கள் முகத்தையே பார்த்தேன். நீங்கள் காலண்டரைப் பார்த்தீர்கள்.

“ஸ்கூல்ல மட்டும்னா ஏ.டி.எச்.டி., அதான் கவனக் குறைபாடுன்னு எழுத முடியாது சார். வீட்லயும் இருக்கணும்.”

வெளியே வந்து கரும்புச்சாறு வாங்கித் தந்தீர்கள். “பேப்பர்ல ஏறிட்டா அழியாதுடா.” யார் பெயருக்குப் பயந்தீர்கள், என் பெயருக்கா, உங்கள் பெயருக்கா? அந்த வருடம் முழுக்க “வேணும்னே பண்றான்” என்பதையே கேட்டேன். கணக்குப் பரீட்சையில் கடைசிக் கேள்விகளை எட்டவே இல்லை. அதைச் சொல்லிச் சண்டை போடலாம் என்று நினைத்திருந்தபோது உங்கள் இதயம் நின்றுவிட்டது.

இப்போது பன்னிரண்டாவது. போன வாரம் அம்மாவோடு மறுபடி அதே டாக்டர். “இன்னைக்கு எங்கப்பா வண்டவாளத்தையெல்லாம் அவுத்து விடறேன் பாரு மச்சான்” என்று நண்பர்களிடம் சவால் விட்டுத்தான் போனேன். ஸ்கூட்டர் கதையை உங்கள் குரலிலேயே ஒத்திகை பார்த்திருந்தேன்.

என்னைப் பற்றி அம்மா ஒளிக்காமல் சொன்னார். டாக்டர் அதே குடும்பக் கேள்வியைக் கேட்டார்.

“இவங்கப்பா இவனுக்கு மேல, டாக்டர். ஒரு தடவை...”

“எங்கப்பா அப்படியெல்லாம் இல்ல!”

கத்தியது நான்தான்.

அம்மா என் முதுகில் கை வைத்தார். டாக்டர் பேனாவை மூடிவிட்டுக் காத்திருந்தார். பிறகு எனக்கு எழுத வேண்டியதை எழுதினார். கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள், அப்பா. அது அப்படியேதான் இருக்கிறது.

நண்பர்களிடம் பொளந்துகட்டிவிட்டதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். உங்களிடம் மட்டும் சொல்கிறேன்: டாக்டர் டிஷ்யூ டப்பாவை என் பக்கம் தள்ளினார். முழுசையும் காலி பண்ணிவிட்டேன்.