அத்தை, நீங்களா?

மார்ச் 4, செவ்வாய்

சிட்டு இன்று பேக்கரியில் கேக்கின் மேல் ரோஜா போட்டாளாம்! வீட்டில் தட்டைக் கவிழ்த்து எனக்கும் போட்டுக் காட்டினாள். க்ரீம் பையை ஒரு பிதுக்கு, தட்டை ஒரு சுற்று, அவ்வளவுதான், இதழ் இதழாக வருகிறது. என் அண்ணன் மகளாக்கும்.

போன வருஷம் மனச்சிதைவுக்கு அவளுக்கு மாத்திரை அதிகமாக இருந்தபோது டம்ளரைப் பிடித்தால் பாதித் தண்ணீர் தரையில்தான். டாக்டரம்மா அளவைக் குறைத்தபின் கை ஆடுவது நின்றது. பேக்கரி மாஸ்டர், "இந்த மாசம் பாக்கறேன், கை ஆடலைன்னா வேலை உனக்குத்தான்" என்றிருக்கிறார்.

சாமி, அந்தக் கை உன் பொறுப்பு. இனி விடியற்காலையிலும் உன்னைக் கூப்பிடப்போகிறேன். பிள்ளை தூக்கம் கெடாமல், கதவைச் சாத்திக்கொண்டு.

மார்ச் 9, ஞாயிறு

சாப்பிடும்போது சிட்டு பட்டென்று சொன்னாள்: "அத்தை, குரல் திரும்ப வருது."

உருட்டிய சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். விடியும்போது சுவருக்குள்ளிருந்து யாரோ அவளைப் பற்றியே பேசுகிறார்களாம். முன்பு வந்த குரல் திட்டும், இது கெஞ்சுகிறதாம். என்னவென்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

டாக்டரம்மாவிடம் சொல்லப்போகிறாளாம். "மாசம் முடியட்டுமேடி, வேலை உறுதியாகட்டும்" என்றேன்.

"வேலை போனா வேற தேடலாம் அத்தை. நான் போயிட்டா என்னை எங்க தேடுவீங்க?"

மார்ச் 10, திங்கள்

சொன்னால் மாத்திரை கூடும். கூடினால் கை ஆடும். அது தெரிந்தே தன்னைத் தானே காட்டிக்கொடுக்க எத்தனை பேருக்கு மனசு வரும்? சர்க்கரைக்கு மாத்திரை போடாமல் விட்டுவிட்டு, "வேளாவேளைக்குப் போடறேங்க" என்று சாதிக்கிறவள் நான். இந்தச் சின்ன உடம்புக்குள் இவ்வளவு நெஞ்சுரம் எங்கிருந்து வந்தது?

மார்ச் 13, வியாழன்

ஐயோ, மானமே போச்சு.

"அந்தக் குரல் என்னம்மா சொல்லுது?" என்று டாக்டரம்மா கேட்டார்.

சிட்டு கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "'சாமி, சிட்டு கையைப் பிடிச்சுக்கோ. மாஸ்டருக்கு நல்ல புத்தி குடு.' அப்புறம் கடைசியில முட்டிவலின்னு ஏதோ உளறும்."

என் முட்டிவலி! தலையிலிருந்து கால்வரை வேர்த்துவிட்டது. "அம்மா, அது நாந்தாங்க! என் ரூமும் அவ ரூமும் ஒரே சுவரு. சாமிகிட்ட மட்டும்தான் நான் மெதுவாப் பேசுவேன். அதான் புள்ளைக்கு அடையாளம் தெரியலை!"

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். சிட்டு சிரிக்கவில்லை. "நெஜமாவே நீங்களா?" என்று என் தோளில் சாய்ந்து அழுதுவிட்டாள். பாவி மக, எத்தனை விடியல் பயந்து கிடந்தியோ — நான் பக்கத்து ரூம்லயே உட்கார்ந்துகிட்டு —

"குரல் அத்தையோடதா இருந்தாலும், நீ வந்து சொன்னதுதான் சரி" என்றார் டாக்டரம்மா. "அளவு இப்படியே இருக்கட்டும். சந்தேகம் வந்தா அத்தையையே கேட்டுடு."

எனக்கும் உத்தரவு: அடுத்த அறையிலிருந்து பேசவே கூடாது. எனக்கா இந்தத் தண்டனை!

மார்ச் 14, வெள்ளி

அவள் எதிரிலேயே உட்கார்ந்து சத்தமாக வேண்டினேன். "முட்டியை விட்டுட்டீங்க" என்று எடுத்துக்கொடுத்தாள்.

ஏப்ரல் 26, சனி

பேக்கரியில் கொடுத்த ஏப்ரனைச் சிட்டு வீட்டிலும் கழற்றுவதில்லை. மாஸ்டர் அதில் அவள் பெயரைத் தைத்தே கொடுத்துவிட்டார்.

சாயங்காலம் தட்டில் ரோஜா போட்டுக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "அத்தை, இப்ப நீங்க ஏதாவது சொன்னீங்களா?"

துணி மடித்துக்கொண்டிருந்தேன். அதிசயமாக வாயே திறக்கவில்லை. ஆமாம் என்று ஒரு பொய் சொல்லிவிடலாமா? நாக்கு நுனிவரை வந்தது.

"இல்லடி கண்ணு. நான் பேசலை."

என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினாள்.

"சரி. செவ்வாய்க்கிழமை டாக்டர்கிட்ட சொல்லணும், ஞாபகப்படுத்துங்க."

பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த இதழைப் போட்டாள். கை ஆடவில்லை.