என் குரலில் ஓடிய கார்

ஜனவரி 7, செவ்வாய்

காலையில் மைனஸ் இருபத்தாறு. கார் கிளம்ப மறுத்தது. மருந்துக்கடைக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தேன். முதலாளியம்மா திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை பனிப்பாதைக் கார்ப் பந்தயத்தில் நானும் இஸ்மோவும் ஜெயித்த செய்தியைப் பத்திரிகையிலிருந்து வெட்டிக் கடைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்த வயசுல உன் புருஷனுக்கு என்ன பேய் பிடிச்சிருக்கு ஐலா?"

படத்தில் கோப்பையை நீட்டுகிறவர் ஒரு பக்கம் நிற்கிறார், இஸ்மோ வேறு பக்கம் பார்த்துச் சிரிக்கிறான். நான் அவன் முழங்கையைப் பிடித்துத் திருப்பிக்கொண்டிருக்கிறேன். எப்போது பிடித்தேன் என்று ஞாபகமில்லை.

ஜனவரி 12, ஞாயிறு

சாப்பாட்டு மேசையில் மகள் சீரி ரொட்டித் தட்டை இஸ்மோவுக்கு இடது பக்கமாக நீட்டினாள். அவன் வாங்கவில்லை. பிள்ளை நீட்டியபடியே இருந்தாள். "அப்பா, எனக்குக் கை வலிக்குது" என்றாள். அவன் திடுக்கிட்டுத் திரும்பி, "கார் ஞாபகம்மா" என்றான்.

காலையில் சௌனா நீராவிக் குளியலறைக் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டான். போன வாரம் காபிக் கோப்பையைத் தட்டிவிட்டான்.

ஆனால் பந்தயத்தில் மட்டும் இருபது வருஷத்தில் இல்லாத வேகம். எப்படி?

ஜனவரி 13, திங்கள்

கண் டாக்டரிடம் போகலாமா என்று கேட்டேன். "கண்ணுக்கு என்ன, ரெண்டும் இருக்கே" என்றான்.

ஜனவரி 18, சனி

இன்று நான் செய்ததை யாரிடமும் சொல்ல முடியாது.

மதியம் உறைந்த ஏரியில் பயிற்சி. தவ்னோ டிராக்டரால் பனியைத் தள்ளிப் பாதை போட்டிருந்தார். தவ்னோ இஸ்மோவின் அண்ணன், எங்கள் காருக்கு மெக்கானிக்கும் அவர்தான். மூன்று மணிக்கே வெளிச்சம் மங்கி எல்லாம் ஒரே நீலமாகிவிட்டது. பாதையும் நீலம், இரு பக்கமும் குவித்த பனிவரப்பும் நீலம்.

வழக்கம்போல நான் பக்கத்தில் உட்கார்ந்து பாதைக் குறிப்பை வாசித்தேன், அவன் ஓட்டினான்: எந்தப் பக்கம், எவ்வளவு வளைவு, எத்தனை மீட்டர் நேர்ப்பாதை. இடது மூன்று. எண்பது. வலது நாலு. கடைசிச் சுற்றில் ஒரு வளைவு, இடது பக்கம் திரும்புவது. அதற்குப் பின்னால் மரமில்லை, கல்லில்லை, வெறும் பொடிப்பனி. வேகமும் குறைவுதான். இதையெல்லாம் முன்பே பார்த்து வைத்திருந்தேன். கடவுளே, திட்டம் போட்டுத்தான் செய்தேன்.

"வலது மூன்று" என்றேன்.

வலதுபக்கம் திருப்பினான். ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. ஸ்டியரிங் உறுதியாகத் திரும்பியது, கார் பனிவரப்பைப் பிளந்துகொண்டு போய்ப் புதைந்தது. கண்ணாடி முழுக்க வெள்ளை.

வைப்பரைப் போட்டான், பனி நகரவில்லை.

"தப்பாச் சொன்னே" என்றான்.

"ஆமா. நீ பாக்கலையா?"

என்ஜினை அணைத்தான். தூரத்தில் தவ்னோ கயிறோடு ஓடி வருவது எனக்குத் தெரிந்தது. அவனுக்குத் தெரிந்ததா என்று கேட்கத் துணிவில்லை.

அவன் பாதையைப் பார்த்து ஓட்டவில்லை. என் வாயைக் கேட்டு ஓட்டுகிறான். அதனால்தான் இந்த வேகம். கண்ணால் பார்க்கிறவனுக்கு எங்கோ ஒரு சந்தேகம் வந்து கால் பின்வாங்கும். அவனுக்கு அந்தச் சந்தேகமே இல்லை. நான் சொன்னால் சொன்னதுதான்.

ஜனவரி 19, ஞாயிறு

சொல்லிவிட்டான். அக்டோபரிலேயே டாக்டர் சொல்லியிருக்கிறார். விழித்திரை ஓரத்திலிருந்து செத்துக்கொண்டே வருகிறதாம். நடுவில் மட்டும் குழாய் வழியாகப் பார்ப்பதுபோலத் தெரியும். மங்கலில் அதுவும் இல்லை. மருந்து கிடையாது. நான் நாள் முழுக்க மருந்து விற்கிறேன்; இதற்கு ஒன்றும் இல்லை.

"பிப்ரவரிப் போட்டி ஒண்ணுதான் ஐலா. புள்ளியில நாம ரெண்டாவது இடம். அதோட விட்டுடறேன்."

"முடியாது."

"நீ வரலைன்னா வேற ஆளைக் கூட்டிட்டுப் போவேன்."

"அந்த ஆளுகிட்ட உன் கண்ணைப் பத்திச் சொல்லுவியா?"

"மாட்டேன்."

கத்தவில்லை. ஏலக்காய் பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டே சொன்னான். அவன் சொன்னால் செய்வான். வேறு ஒருத்தன் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, இவனுக்குக் கண் தெரியும் என்று நம்பி, சாவகாசமாக வாசித்துக்கொண்டு போவான். இரண்டு பேரும் மரத்தில் போய் முடிவார்கள்.

என் கழுத்தில் கயிற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து காபி குடிக்கிறான். அவன் கழுத்திலும் அதே கயிறுதான். என்னால் கோபப்படக்கூட முடியவில்லை.

ஜனவரி 23, வியாழன்

தவ்னோவின் கொட்டகைக்குப் போனேன். இஸ்மோவுக்குப் பார்வை சரியில்லை என்று தொடங்கினேன். அவர் காருக்கு அடியிலிருந்து தலையை நீட்டிச் சிரித்தார்.

"அவன் சின்ன வயசுலயே கம்பத்துல முட்டிக்கிறவன். எங்க அம்மா, இவன் தலையில தலையணை கட்டணும்பா. போ, வீட்டுல பட்டாணி சூப் ஆறிடப் போகுது."

மேலே சொல்ல வாய் வரவில்லை. அவன் ரகசியம் அது. என் பிள்ளையின் தகப்பன் ரகசியம்.

ஜனவரி 30

போட்டி அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஒரு பெண் எடுத்து "சொல்லுங்க" என்றாள். வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

பாதையை முன்கூட்டிப் பார்த்துக் குறிப்பு எடுக்கும் நாள். இத்தனை வருஷமாக அவன் சொல்வான், நான் எழுதுவேன். இன்று நானே பார்த்து நானே எழுதினேன். அவன் மெதுவாக ஓட்டிக்கொண்டு, "ம்… ம்…" என்று கேட்டுக்கொண்டு வந்தான். இரண்டு இடத்தில் ஆள்கள் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்கள், நாளைக்குத் தீ மூட்டி சாசேஜ் சுட்டுக்கொண்டே பார்க்க. கை அசைத்தார்கள். நான் மட்டும் பதிலுக்குக் கை அசைத்தேன்.

குறிப்பில் மேடு எழுதலாம், வளைவு எழுதலாம், பனிக்கட்டி எழுதலாம். நாளை எந்த மனுஷன் எங்கே நிற்பான் என்று எப்படி எழுதுவது?

பிப்ரவரி 15, சனி

முதல் நாள் முடிவில் முதலிடம். எல்லாரும் கட்டிப்பிடித்தார்கள். நான் தனியாகப் போய் நாளைக்கான குறிப்பை மறுபடி வாசித்தேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

நடந்த வரிசையில் எழுதிப் பார்க்கிறேன்.

மூன்றாவது கட்டம். காட்டுக்குள் நீண்ட நேர்ப்பாதை, முழு வேகம் என்று நானே குறித்திருந்தேன். மேட்டைத் தாண்டி இறங்கியதும் பார்த்தேன் — எங்களுக்கு முன்னால் போன கார் வரப்பைத் தாண்டி மரங்களுக்குள் கிடந்தது. பார்வையாளர்கள் கயிறு கட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள், பாதி உடம்பு பாதையில். அந்த ஓட்டுநர் இடது ஓரம் நின்று இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார்.

இஸ்மோ வேகத்தைக் குறைக்கவில்லை. அவனுக்கு அங்கே யாருமே இல்லை.

நில்லு நில்லு நில்லு. என் தொண்டை இன்னும் எரிகிறது.

நான் சொன்னால் சொன்னதுதான். பிரேக்கில் ஏறி நின்றான். டயர் ஆணிகள் பனிக்கட்டியைக் கீறிக்கொண்டு போயின. கார் குறுக்கே திரும்பி, வழுக்கி, வழுக்கி, நின்றது. சிவப்புத் தொப்பி போட்ட ஒரு கிழவர் காரின் முன்பக்கத்தில் உள்ளங்கையை வைத்திருந்தார், மாட்டைத் தள்ளி நிறுத்துகிறவர்போல. அவர் இடத்தைவிட்டு நகரக்கூட நேரமில்லை.

கை ஆட்டிய ஓட்டுநர் ஜன்னலில் குனிந்தார். முகம் வெளுத்திருந்தது. "ஏம்ப்பா, நான் கையை ஆட்டினது தெரியலையா?"

"யாரு ஆட்டினா?" என்றான் இஸ்மோ.

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அடுத்தது சொல்லு ஐலா."

சொல்லவில்லை.

"ஐலா, இன்னும் நாமதான் முன்னால இருக்கோம். சொல்லு."

"முன்னாடி எத்தனை பேர் நிக்கிறாங்க, நீ சொல்லு."

தலையை மெல்லத் திருப்பினான், இருட்டில் டார்ச் அடித்துத் தேடுகிறவன்போல. "ரெண்டு பேர்" என்றான்.

ஏழு பேர் நின்றார்கள். கிழவரின் கை இன்னும் கார்மேல் இருந்தது.

"உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன். ஒரு தடவை. கடைசி வரைக்கும் வாசிச்சுடு. அப்புறம் நான் வீட்டோட கிடக்கறேன், எங்கயும் போகலை." அப்படி அவன் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அவன் அம்மா செத்தபோதுகூட அந்தக் குரல் வரவில்லை. எனக்கு உதடு அசைந்தது. உண்மையைச் சொன்னால், வாசித்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன்.

அதற்குள் அவன் கியர் போட்டுவிட்டான். கார் அசைந்தது. ஆள்கள் வரப்பின்மேல் பாய்ந்தார்கள். நான் காரின் மெயின் சுவிட்சை அணைத்தேன்.

என்ஜின் நின்றதும் காடு முழுக்க அமைதி. ஹெல்மெட் மைக்கும் செத்துவிட்டது. அதனால் அவன் அழுதது எனக்கு நேராகக் கேட்டது.

இறங்கிப் போய், பின்னால் வருகிறவர்களுக்கு எச்சரிக்கை முக்கோணத்தை வைத்தேன். திரும்பி வந்து அவன் பக்கக் கதவைத் திறந்தேன். "நகரு" என்றேன். நகர்ந்தான். மற்ற கார்கள் எல்லாம் போன பிறகு, ஓரமாக நானே ஓட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

போட்டி டாக்டரிடம் தனியாக எல்லாவற்றையும் சொன்னேன். இஸ்மோ மறுக்கவில்லை. அவர் அவன் உரிமத்தை வாங்கிக்கொண்டார். "வெளியே நாங்க எதுவும் சொல்லமாட்டோம், அது உங்க விஷயம்" என்றார்.

பிப்ரவரி 17

படுக்கையை மாடியறைக்கு மாற்றிக்கொண்டான்.

பிப்ரவரி 25, செவ்வாய்

ஊரில் பேச்சு இதுதான்: ஐலா பயந்துவிட்டாள். ஜெயிக்க வேண்டியவனை நடுக்காட்டில் நிறுத்திவிட்டாள். மருந்துக்கடைக்கு வருகிறவர்கள் மாத்திரையை வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் போகிறார்கள். கண்ணாடியில் ஒட்டியிருந்த படம் இல்லை.

தவ்னோ வீட்டுக்கே வந்தார். பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

"இருபது வருஷம்டி. இருபது வருஷமா அவன் இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தான். பயமா இருந்தா வீட்டுல உக்காந்து ஸ்வெட்டர் பின்ன வேண்டியதுதானே?"

இஸ்மோ அதே மேசையில் இருந்தான். காபியைக் கலக்கினான். கலக்கிக்கொண்டே இருந்தான். அவனே சொல்லட்டும் என்று காத்திருந்தேன். ஒரு வார்த்தை. தவ்னோ எழுந்து போகும்வரை காத்திருந்தேன்.

சொல்லலையே. கல்லு மாதிரி உக்காந்திருந்தானே. இவனுக்காகவா நான் உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்தேன்?

மார்ச் 8, சனி

கடையிலிருந்து வந்தபோது இஸ்மோ வீட்டில் இல்லை. "அப்பா ஏரிக்கு மீன் பிடிக்கப் போயிருக்கார்" என்றாள் சீரி. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது, எதிர்க்கரையும் தெரியவில்லை, வானமும் தெரியவில்லை.

தூண்டில் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஓடினேன். கோட்டுப் பொத்தான் போடாமல் ஓடினேன். அவன் தடம் பாதி மூடிப்போயிருந்தது. ஆற்றுவாய்ப் பக்கம் போனது. அங்கே பனிக்கட்டி மெலிசு, ஊரில் பிறந்த யாருக்கும் தெரியும். எனக்கும் மேலே போகப் பயம். நின்ற இடத்திலிருந்து கூப்பிட்டேன். இஸ்மோ. இஸ்மோ. பதில் இல்லை. வேறு என்ன சொல்வது என்று தெரியாமல், பைத்தியக்காரிபோல, அவன் பேரையே விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ரொம்ப நேரம் கழித்து வெள்ளைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"எந்தப் பக்கம்?"

"நேரா. நேரா வா. கொஞ்சம் வலது. நேரா."

வந்தான். புருவமெல்லாம் பனி. என் கோட்டின் பொத்தான்களைத் தடவித் தடவி ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டான். ஏன் போனாய் என்று நான் கேட்கவில்லை. வீடு வரை என் கையை விடவில்லை.

மார்ச் 9

மாடியிலிருந்து தலையணை கீழே வந்துவிட்டது.

மார்ச் 12, புதன்

பெட்ரோல் பங்க் கடையில் காபி குடிக்கிற கூட்டத்துக்குத் தன்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னான். தவ்னோ இருந்தார், மற்ற ஆள்களும் இருந்தார்கள். இஸ்மோ உட்காரவில்லை.

"எனக்குக் கண்ணு போயிக்கிட்டிருக்கு. ரெண்டு வருஷமா கொஞ்சம் கொஞ்சமா. அன்னிக்கு முன்னால நின்ன ஆளுங்க எனக்குத் தெரியலை. ஐலா நிறுத்தலைன்னா நான் ஏத்திக் கொன்னிருப்பேன். அவ்வளவுதான்."

தவ்னோ எழுந்து, வாய்க்குள் ஏதோ முனகிவிட்டு, எனக்கு ஒரு காபி வாங்கி வந்து வைத்தார். சர்க்கரை போட்டிருந்தார். நான் சர்க்கரை போடுவதில்லை. குடித்தேன்.

மார்ச் 19, புதன்

காத்ரி வந்தாள். மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறவள், எங்களோடு போட்டியிடுகிறவள். அவளுக்குக் குறிப்பு வாசிக்கும் கோ-டிரைவருக்குக் கால் முறிந்துவிட்டதாம். மாதக் கடைசியில் வடக்கே பனி இருக்கும்போதே ஒரு போட்டி. "நீ வாசிக்கிறியா அக்கா?" என்று கேட்டாள். என்னால் முடியாது என்றேன். இஸ்மோ பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தான்.

"போ" என்றான், திரும்பாமலே.

மார்ச் 30, ஞாயிறு

ஒன்பதாவது இடம். காத்ரி நன்றாக ஓட்டுகிறாள், ஆனால் இரண்டு வளைவில் வரப்பில் இடித்தோம். யார் தப்பு என்று புரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் காருக்குள் எடுத்த பதிவைப் போடச் சொன்னான் இஸ்மோ. திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கேட்டான். என் குரல் வேறு ஒருத்திக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தது. எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். போகவில்லை. அந்த இரண்டாவது வளைவு வந்ததும் கையைத் தூக்கினான்.

"லேட்டாச் சொல்றே."

"உனக்கு எப்பவும் இப்படித்தானே சொன்னேன்?"

"நான் கேட்டவுடனே திருப்பிடுவேன். அவளுக்குக் கண்ணு தெரியும் ஐலா. நீ சொன்னதும் அவ ஒரு தடவை பாப்பா. பாக்க நேரம் குடு."

பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "மொதல்லேர்ந்து போடு" என்றான்.