தொண்ணூற்றொன்பதில் வைத்த லேப்டாப்

இன்று காலை உங்கள் லேப்டாப்பில் ஏதோ அப்டேட் ஏறியது. முடிந்ததும் ஒரு கல்யாண வீடியோவை எடிட் பண்ண உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஃபேன் பழையபடி இரைய ஆரம்பித்தது. காய்ந்த தூசி கருகுகிற அந்த வாடையும் வந்தது. பவர் ஆப்ஷனைத் திறந்து பார்த்தால், நீங்கள் வைத்துவிட்டுப் போன தொண்ணூற்றொன்பது நூறாக மாறியிருந்தது.

அந்த வாடையில் உங்கள் ஞாபகம் வந்தது. பாசத்தோடு வந்தது என்று எழுத ஆசைதான். ஆத்திரத்தோடுதான் வந்தது.

கள்ளக்குறிச்சியில் நாம் குடியிருந்த மாடி அறைக்கு மேலே சிமெண்டு சீட்டு. வைகாசி முகூர்த்தங்களில் நாலைந்து கல்யாண வீடியோ ஒன்றாகச் சேர்ந்துவிடும். அந்த அனலில் லேப்டாப் பாதி வேலையில் அணைந்துபோகும். நம் கல்யாணத்துக்கு வந்த சீர்த் தாம்பாளத்தைக் கவிழ்த்து அதன்மேல் வைத்துப் பார்த்தீர்கள். ஈரத்துணியை விரித்தீர்கள், நான் கத்திய பிறகு எடுத்தீர்கள். கடைசியில் எங்கேயோ பார்த்துவிட்டு வந்து, புராசஸர் அதிகபட்சம் எவ்வளவு ஓடலாம் என்ற இடத்தில் நூறை அழித்துத் தொண்ணூற்றொன்பது போட்டீர்கள். ஒன்றே ஒன்றைக் குறைத்ததும் அது தலைதெறிக்க ஓடுவதை விட்டது. ஃபேன் அடங்கியது. வீடியோ முடிந்து வெளியே வரத்தான் நேரம் ஜாஸ்தியானது.

"மெல்ல வரட்டும் வுடு. மிஷினு பொழச்சிக்கும்" என்றீர்கள்.

மூங்கில்துறைப்பட்டிலிருந்து ஒரு பெண்ணின் அப்பா தினமும் போனில் அவசரப்படுத்தினார். லேப்டாப் சூடாகிறது, இன்னும் ரெண்டு நாள் ஆகும் என்று அவரிடம் கூசாமல் சொன்னீர்கள். அதன் அடியில் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்பீர்கள். எனக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட அப்படி வைத்துப் பார்த்ததில்லை.

அதே வாரம் உங்களுக்கு நெஞ்சு எரிந்தது. இடது தோள் வலித்தது, வேர்த்துக் கொட்டியது. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கெஞ்சினேன்.

"உடம்பு சூடுதான். கண்ணு முழிச்சிக்கினு இருந்தா இன்னா ஆவும்? வெந்தயம் ஊற வையி."

ஊற வைத்தேன். மோர் குடித்தீர்கள், தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்துக்கொண்டீர்கள். கண்ணெரிச்சலோ கட்டியோ நெஞ்சுவலியோ, நம் தெருவில் எல்லாவற்றுக்கும் சூடு என்று ஒரே பெயர்தானே. கேட்டவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். மறுநாள் கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் ஒரு கல்யாணம். வேறு யாரையாவது அனுப்புங்கள் என்றேன். ஒத்துக்கொண்டதை எப்படி விடுவது என்று கேமரா பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள்.

தாலி கட்டுகிறவரை படம் பிடித்தீர்களாம். மலையிறங்கும் பஸ்ஸில், பையை மடியில் வைத்தபடியே சாய்ந்துவிட்டீர்கள். நேற்றே கூட்டி வந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார். மீதியைக் கேட்க நான் அங்கே நிற்கவில்லை.

கருமாதி முடிந்த கையோடு மூங்கில்துறைப்பட்டுக்காரர் வந்தார். உட்காரவே இல்லை.

"தப்பா நெனச்சிக்காதீங்க. பாதி முடிஞ்சிருந்தாலும் பரவால்ல, குடுங்க."

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. லேப்டாப்புக்காகக் கேட்ட ரெண்டு நாளை உங்களுக்காகக் கேட்டிருந்தால் அந்த மனிதர் தந்திருப்பார். வெள்ளிமலைக்காரர்களும் வேறு ஆளை ஏற்றுக்கொண்டிருப்பார்கள். மிஷின் சூடாகிறது என்று சொல்ல உங்களுக்கு வாய் வந்தது. எனக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்ல மட்டும் வெட்கம்.

அந்த வீடியோவை நான்தான் முடித்துக் கொடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்ட வேலை, இன்று அதில்தான் சாப்பிடுகிறேன். வெள்ளிமலைக் கல்யாணத்தையும் நானே எடிட் செய்தேன். தாலி கட்டியதற்குப் பிறகு ஓரிடத்தில் படம் ஆடுகிறது. உங்கள் கை நடுங்கியிருக்கிறது. கல்யாண வீடியோவில் அதை வைக்க முடியாது. வெட்டினேன்.

இன்றைக்கு மறுபடி தொண்ணூற்றொன்பது போட்டேன். ஃபேன் அடங்கியது. அடியில் புறங்கையை வைத்துப் பார்த்தேன், உங்களிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம். சூடே இல்லை. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட ரிப்பேர் என்று போகவில்லை.

லேப்டாப் நன்றாக இருக்கிறது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.