பதினொரு மாதம் போதும்

ஆகஸ்ட் 19, புதன். வயது எழுபத்தெட்டு, நான்கு மாதம், இரண்டு நாள்.

திருப்போரூரில் பழைய கார் ஒன்றைப் பேசி முடித்தேன். இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடியது. பதிவுக்காலம் முடியப் பதினொரு மாதமே மீதம். தங்கை கமலத்தை வாரம் இருமுறை செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். பேருந்தில் ஏறி இறங்க இனி அவளால் ஆகாது.

அவளுக்குப் பிடித்தது பக்கத்தில் நின்ற வெள்ளை வண்டி.

"அத எடுக்கா. இன்னும் எட்டு வருஷம் ஓட்டலாமாம்."

"அப்ப எனக்கு எண்பத்தாறு. ரோட்டுல இருக்கறவங்க பாவம்."

தரகர் சிரித்தார். "இன்னாம்மா நீ, அடுத்த வருஷமே பதிவ புதுப்பிக்க எஃப்சி காட்டணும், பேஜாரு. தங்கச்சி சொல்றத கேளு."

"பதினொரு மாசம் போதும்" என்று முன்பணம் கொடுத்தேன்.

படூர் வீட்டுக்குள் நுழைந்ததும் கமலம் சொன்னாள்: "எனக்குன்னா உனக்கு எப்பவும் பழசுதான். அன்னிக்கு உன் பாவாடை, இன்னிக்கு இந்த வண்டி." சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

கஞ்சத்தனம் என்றே நினைக்கட்டும். அந்தப் பெயர் எனக்குப் புதிதல்ல. ஆனாலும் வெள்ளை வண்டியையே வாங்கியிருக்கலாம். எட்டு ஆண்டு என்று எண்ணிக்கொண்டாவது அவள் இன்று தூங்கியிருப்பாள். பாழும் புத்தி கணக்குப் பார்த்துவிட்டது.

தீபாவளியைத் தாண்டமாட்டாள் என்று டாக்டர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னது மே மாதத்தில். கமலத்திடம் நான் இன்னும் சொல்லவில்லை.